வெங்காயக் கொட்டிலில் எடுத்த படம்

கனகரத்தினம் ஒலிபெருக்கியில் வாசித்தால் கொடுத்தவரின் பெயர் மட்டும்தான் வரும். எவ்வளவு கொடுத்தார் என்பது வராது. யாருக்குப் போகிறது என்பது ஒருபோதும் வராது. வட்டுக்கோட்டைக்கும் மானிப்பாய்க்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் இதை ஒரு கொள்கை என்று யாரும் சொன்னதில்லை. அவர் அப்படித்தான் வாசிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

'கனகு சவுண்ட்ஸ்' என்று எழுதிய ஓட்டோவின் கூரையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள் கட்டியிருக்கும். திருவிழா, கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிச் செற்தான். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மூக்கால் வரும். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ஒரு வயர்த்துண்டைக்கூட யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். அம்பிளிபயரைப் பற்றிக் கேட்டுவிட்டால் கேட்டவரின் சோறு ஆறிப்போகும்வரை விடமாட்டார். இவ்வளவும் இருந்தும், குறுகிய ஒழுங்கைக்குள் அந்த ஓட்டோ மெதுவாக வந்தால் சனம் கைவேலையை விட்டுவிட்டு வாசல் படலைக்கு வந்து நிற்கும்.

"எங்கடை ஊரிலை ஒரு வீட்டிலை ஒரு அவசரம். இயன்றதைச் செய்யுங்கோ."

இவ்வளவுதான் அறிவிப்பு. எந்த வீடு, என்ன அவசரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதயச் சத்திரசிகிச்சையாக இருக்கலாம், எரிந்த கூரையாக இருக்கலாம். கனகரத்தினம் வந்தால் காரணம் இருக்கும் என்று கொடுத்தார்கள். பிறகு கோயில் வீதியில் ஒரு மாலை அவர் பெயர்களை வாசிப்பார், ஒழுங்கை ஒழுங்கையாக, மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்கி. ஒருமுறை வாசிகசாலைக் கூரைக்குப் பெரிய தொகை கொடுத்த ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

"மைக் வாங்காது ஐயா."

"என்ன வாங்காது?"

"இலக்கம் வாசிச்சால் இரையுது. பழைய மைக்."

கேட்டவரின் பெயருக்கு அடுத்ததாக, இரண்டு தேங்காய் கொடுத்த இரத்தினம்மாவின் பெயர் அதே சத்தத்தில் வந்தது.

ஆவணி முகாம் தொடங்கியபோது அதற்கு ஆதரவு சேர்க்கும் வேலையும் இயல்பாக அவரிடம் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஒருவரும் மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கியது அது. ஆவணி விடுமுறையில், பாடப்புத்தகத்துக்கு மேலே போகக்கூடிய பிள்ளைகளைச் சோதனை வைத்துத் தெரிந்தெடுத்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை தங்கவைத்துப் படிப்பித்தார்கள். ரியூசன் கொட்டில்களில் சோதனைக்கு வருவதைப் படிப்பிப்பார்கள். இங்கே சோதனைக்கு ஒருபோதும் வராததைப் படிப்பித்தார்கள். கனகரத்தினத்துக்கு அதில் பாதிகூட விளங்கவில்லை. முதல் வருடம் மைக் பூட்டிக்கொண்டு நின்றபோது, ஒரு பையன் கரும்பலகையில், இன்னதுக்கு முடிவே இல்லை என்று நிறுவிக்கொண்டிருந்தான். "முடிவில்லை எண்டு போய்ப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?" என்று அவர் கேட்டார். பையன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அன்றைக்கு ஒரு செத்தவீட்டுக்கு அவர் பிந்திப்போனார்.

முகாமுக்குச் சாப்பாடு போடுவதுதான் பெரிய செலவு. அதற்குக் கனகரத்தினம் கோயில் வழக்கத்தை எடுத்துக்கொண்டார். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாக இருப்பதுபோல, முகாமின் ஒவ்வொரு நாளும் ஒரு ஒழுங்கையின் உபயம். அந்த ஒழுங்கை அரிசி கொடுக்கும், மரக்கறி கொடுக்கும், சமைத்தும் கொடுக்கும். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட இருக்கும்போது அவர் அந்த ஒழுங்கையின் வீடுகளை வாசிப்பார். சமைக்க வந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்பு யன்னலில் வந்து நிற்பார்கள். தங்கள் உபயத்தில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு உரிமை இருந்தது. நல்ல காரியங்கள் பலவற்றில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசுவார்கள். இந்த முகாமில் அந்தக் கூச்சம் இருக்கவில்லை. அதைக் கனகரத்தினம் யோசித்துச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செய்தது அவர்தான்.

முகாம் தொடங்கிய நாளிலிருந்து வெங்காயம் கஜானன் வீட்டிலிருந்து வந்தது. கஜானன் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார். மனைவி சிவகௌரி அவருக்கும் சேர்த்துக் கதைப்பாள். அவர்களின் மகள் மதுரா இந்த வருடம் முகாமுக்கான சோதனையில் முதலாவதாக வந்தாள். பல வருடங்களாக முகாமுக்குக் கொடுத்துவந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை முகாமுக்குள் போவது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் வாகீசன் வந்தான். ரொறன்ரோவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவன். தாயின் ஆண்டுத்திவசத்துக்கு வந்திருந்தான். கஜானன் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளித்தான் அவனுடைய பழைய வீடு. சின்ன வயதில் கனகரத்தினத்தின் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனவன். முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆசிரியர்களிடம் போய் விசாரித்து, உண்மையாகவே சந்தோசப்பட்டான். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் எதையும் எடுத்துக்கொண்டு போக வந்தவனல்ல.

"கனகு அண்ணை, உதைப் பெரிசாச் செய்யலாம். அங்கை காசு சேர்க்க ஒரு இராப்போசனம் வைக்கிறம். ஒரு சின்ன வீடியோ காட்டினால் போதும். நீங்கள் ஒரு வீட்டைக் கேட்டுத் தாங்கோ. கெட்டிக்காரப் பிள்ளையா ஒண்டு."

கனகரத்தினம் சிவகௌரியிடம் போனார்.

"படத்திலை என்ன சொல்லப் போறியள் அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"கெட்டிக்காரி எண்டு சொல்லப் போறம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் பிள்ளை. என்ரை பொறுப்பு."

சிவகௌரி விறாந்தைக்குப் புதுத் திரைச்சேலை போட்டாள். கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிளாசுகளை இறக்கிக் கழுவி வைத்தாள். வாகீசன் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுக் கமராவை எடுத்தபோது, அதுவரை ஒன்றும் பேசாத கஜானன் வாயைத் திறந்தார்.

"விறாந்தையை எடுத்து என்ன செய்யிறது. விறாந்தை எல்லாரிட்டையும் இருக்கு. கொட்டிலுக்கை வந்து எடுங்கோ."

வீட்டுக்குப் பின்னால் தென்னங்கிடுகால் வேய்ந்த வெங்காயக் கொட்டில். அந்த முறை மழை குழப்பவில்லை, விலையும் விழவில்லை. பிடி பிடியாகக் கட்டிய வெங்காயம் தடியெல்லாம் நிறைந்து தொங்கியது. ஒரு தோட்டக்காரன் தன் மகளை உலகத்துக்குக் காட்டுவதென்றால் அந்த விளைச்சலுக்கு முன்னால் இருத்தித்தான் காட்டுவான். எங்கள் பக்கத்தில் எவரும் அதைத்தான் செய்வார்கள். மதுரா ஒரு சாக்கின் மேல் கொப்பியோடு இருந்து, ஒரு கணக்கை விளங்கப்படுத்தினாள். பக்கத்தில் கஜானன் வெங்காயத்தின் பச்சைத்தாளை அறுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"அப்பா, உதைக் கொண்டுபோய் அங்காலை இருந்து அறுங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்திருந்த கனகரத்தினமும் சிரித்தார், வாகீசனும் சிரித்தான். "நல்ல வெளிச்சம்" என்றான்.

அடுத்த நாள் கனகரத்தினத்தின் கடையில் குரல் பதிந்தார்கள். ஊர்க் குரல் வேண்டும், அதுவும் அவருடைய குரல்தான் வேண்டும் என்று வாகீசன் பிடிவாதமாக நின்றான். எழுதிக்கொண்டு வந்ததைக் கனகரத்தினம் வாசித்தார். 'இங்கே கெட்டித்தனம் இருக்கிறது. கைகொடுக்க ஆளில்லை. உங்கள் கை நீளட்டும்.' இரண்டாவது வரியில் நிறுத்தினார்.

"ஆளில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? சனம் குடுக்குதெல்லோ."

"அண்ணை, அங்கை இருக்கிற ஆக்களுக்கு அப்பிடிச் சொன்னால்தான் விளங்கும். இது பொதுவான கதை. ஒருத்தரையும் குறிச்சுச் சொல்லேல்லை."

ஒருவரையும் குறிக்கவில்லை என்பதில் அவர் சமாதானமானார். வாசித்தார்.

ஆனியில் ஒரு காலை சிவகௌரி கடைக்கு வந்தாள். கனகரத்தினம் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். அவருடைய மனைவி இராசமலர், "வா பிள்ளை, இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். சிவகௌரி இருக்கவில்லை. கைபேசியை அம்பிளிபயரின் மேல் வைத்து, வீடியோவை ஓடவிட்டாள்.

கிடுகுக் கூரை. கூரையிலிருந்து இறங்கும் ஒரு கீற்று வெளிச்சம். அடுத்த காட்சியில் சாக்கில் இருக்கும் பெண்பிள்ளை. அவள் முகத்துக்கு மேலே எதுவும் தெரியாதபடி படம் வெட்டப்பட்டிருந்தது. ஒரு வெங்காயம்கூட இல்லை. அவள் விளங்கப்படுத்திய கணக்கின் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக மெல்லிய புல்லாங்குழல். பிறகு அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அதை மட்டும் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். கீழே அவளுடைய பெயர், வயது, ஊர். அந்த முகத்தின் மேல் மூக்கால் வரும் ஒரு குரல், ஆறுதலாக: கைகொடுக்க ஆளில்லை. உங்கள் கை நீளட்டும்.

வீடியோ முடிந்தது. இராசமலர்தான் முதலில், "உது கொட்டிலெல்லோ" என்றாள்.

"அக்கா கனடாவிலை இருந்து போன் எடுத்தவ," என்றாள் சிவகௌரி. "சாப்பாட்டுக்கு வழியில்லை எண்டு ஒரு வார்த்தை எனக்குச் சொல்லேல்லையேடி எண்டு அழுகிறா. நான் மூண்டுதரம் சத்தியம் பண்ணினன். நம்பேல்லை. வெக்கத்திலை மறைக்கிறன் எண்டு நினைக்கிறா."

"பிள்ளை, எனக்கு..."

"உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. வாகீசன்ரை குரல் எண்டால் வாகீசன்ரை வேலை எண்டு விட்டிருப்பன். இது உங்கடை குரல். நீங்கள் சொன்னால் ஊர் நம்பும். இப்ப அங்கையும் நம்பீட்டுதுகள்."

கைபேசியை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். "பெட்டை அழேல்லை அண்ணை. தேப்பன் பக்கத்திலை வெங்காயத்தாள் அறுத்தவர். நீங்களும் நிண்டு சிரிச்சனீங்கள்."

அன்றைக்குப் பின்னேரம் கனகரத்தினம் வாகீசனைப் போனில் எடுத்தார். இராசமலர் பக்கத்தில் நின்றாள்.

"வாகீசன், உது வெங்காயக் கொட்டில் எண்டு உமக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணை."

"வெளியிலை பிறந்து வளந்த ஒருத்தன் எண்டால் தெரியாமல் எடுத்திட்டான் எண்டு சொல்லலாம். நீர் உங்கடை கொப்பரோடை அதே மாதிரிக் கொட்டிலிலை பிடி கட்டித் தூக்கினனீர்."

"நான் வீடு எண்டு எங்கையும் சொல்லேல்லையே. நல்லாப் பாருங்கோ. அவள் கொட்டிலிலை இருந்தாள், உண்மை. கண்ணைத் துடைச்சாள், உண்மை. கெட்டிக்காரி, அதுவும் உண்மை. நான் ஒரு பொய் போட்டிருந்தால் சொல்லுங்கோ."

கனகரத்தினத்தால் ஒன்றைக் காட்ட முடியவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் உண்மைதான். உண்மையான துண்டுகளை மட்டும் வைத்து ஒரு முழுப் பொய்யைக் கட்டலாம் என்பதைப் படித்தவர்கள் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் எந்தத் துண்டைப் பிடித்து ஆட்டுவது என்று தெரியாமல் நிற்பது வேறு விடயம்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இருபது பிள்ளையோடை நடந்த முகாம், இந்தமுறை அறுபது பிள்ளை. அதுகளிலை நாப்பது பிள்ளை போன வருசம் வெளியிலை நிண்டதுகள். விறாந்தையைக் காட்டியிருந்தால் ஒருத்தரும் சாப்பாட்டு மேசையிலை தலை நிமித்தியிருக்க மாட்டினம். அந்தச் சனத்தை எனக்குத் தெரியும்."

"மதுரான்ரை பேரை ஏன் போட்டனீர்?"

"பேர் இருந்தால்தான் நம்புவினம்."

"என்ரை குரல் இருந்தால் நம்பாயினமோ?"

"நான் வீடியோவை இன்ரநெற்றிலை இருந்து எடுத்துவிடுறன் அண்ணை. ஆனா வட்ஸ்அப்பிலை போனது போனதுதான். பிள்ளைக்கு ஒரு லப்டொப் அனுப்புறன். அவையைச் சமாதானப்படுத்துங்கோ."

"இஞ்சை குடும், நான் கதைக்கிறன்," என்று இராசமலர் கையை நீட்டினாள். கனகரத்தினம் கொடுக்கவில்லை. "லப்டொப் அனுப்பிப் போடாதையும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"சின்னனிலை அவனைச் சைக்கிள்ளை ஏத்திக்கொண்டு போகேக்கை ரோட்டோரக் கானுக்குள்ளை விட்டிட்டு வந்திருக்கவேணும்," என்றாள் இராசமலர். அவர் சிரிக்கவில்லை.

வாகீசன் சொன்ன நியாயத்தை நான் இலகுவில் தள்ளிவிடமாட்டேன். நாற்பது பிள்ளைகள் என்பது நாற்பது பிள்ளைகள்தான். ஒரு குடும்பத்தின் மானம் ஒரு பக்கம், நாற்பது பேரின் இரண்டு கிழமை மறுபக்கம் என்று தராசில் வைத்தால் எது இறங்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் அவர்களுடையதைத் தராசில் வைத்தது யார் என்பது தெரியும். வாகீசன்தான், அதுவும் கனகரத்தினத்தின் வாக்கையும் குரலையும் கொண்டு.

பிழையை ஒலிபெருக்கியில் சொல்லித் திருத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். அவர் இரண்டு தரம் ஓட்டோவை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். இரண்டு தரமும் மைக்கைக் கையில் எடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். திருத்துவதென்றால் மதுராவின் பெயரைச் சொல்ல வேண்டும். கஜானன் குடும்பம் ஏழை இல்லை என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்தினால், வீடியோவைப் பார்க்காதவர்களும் போய்ப் பார்ப்பார்கள். வாங்குபவரின் பெயரை வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் காத்தவரால், காப்பாற்றுவதற்காகக்கூட ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை.

ஆடியில் முகாமுக்காக வழக்கம்போல ஒழுங்கைகளுக்குள் போனார். சனம் படலைக்கு வந்தது. ஆனால் செபநாயகம் மாஸ்டர் வீட்டு முன்னால், வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்த அவருடைய மருமகன் அதை ஓட்டோவில் வைக்காமல் நின்றான்.

"இதுக்கும் படம் பிடிப்பினமோ கனகு அண்ணை? பிடிக்கிறதெண்டால் சொல்லுங்கோ, நான் கிழிஞ்ச சாரமாப் பாத்துக் கட்டிக்கொண்டு வாறன்."

பக்கத்துப் படலைகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு குலையை வைத்தான். இன்னொரு வீட்டில், முன்பு ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்டார்கள்: "ஆருக்கு அண்ணை இது?" தாழ்வான குரலில், மரியாதையாகத்தான் கேட்டார்கள். பகிடி பண்ணியவனை அவர் மறந்துவிட்டார். கேட்ட வீட்டை மறக்கவில்லை.

அவர் சேர்த்த அரிசியும் மரக்கறியும் தேவைப்படவில்லை. இந்த முறை யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பெட்டிச் சாப்பாடு வருகிறது என்று முகாமில் சொன்னார்கள். அறுபது பேருக்கு ஒழுங்கை ஒழுங்கையாகச் சமைப்பது ஒழுங்காக வராதாம். சொன்ன ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். மண்டபத்தில் கொடையாளர்களின் பெரிய பதாகை தொங்கியது. மத்தியானத்தில் வாசிக்கப் பெயர்கள் இல்லை. யன்னலில் வந்து நிற்பதற்குச் சமைக்க வந்த பெண்கள் இல்லை. கனகரத்தினம் மைக்கைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, சேர்த்த சாமான்களைத் திரும்ப அந்தந்த வீடுகளில் இறக்கினார். கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து தருவதைப் போல ஒரு அவமரியாதை எங்கள் ஊரில் இல்லை. ஒவ்வொரு படலையிலும் அவரே இறங்கித் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

மதுரா முகாமுக்குப் போகவில்லை. ஒரு தரம் மட்டும் அவர் போய்க் கேட்டார். கஜானன் தோட்டத்தில் நின்றார். மதுராவே படலையைத் திறந்தாள்.

"அப்பா போகச் சொன்னவர் மாமா. அம்மாவும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நான்தான் போகேல்லை."

"ஏன் மேனை? நீதானே முதலாவது."

"அங்கை வாற பிள்ளையள் எல்லாம் வீடியோ பாத்திருக்குங்கள். நான் கணக்குச் செய்தால், பாவம், உப்பிடியிருந்தும் செய்யிறாள் எண்டு பாக்குங்கள்." கொஞ்சம் யோசித்தாள். "நான் உப்பிடியில்லையே."

ஆவணிக் கடைசியில் அம்மன் கோயில் திருவிழா. கஜானன் குடும்பம் இந்த முறை ஒரு நாளை முழுதாக எடுத்துக்கொண்டது. பூசை, மேளம், ஊருக்கெல்லாம் அன்னதானம். அவர்களுடைய நிலைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். கோயிலுக்குச் செற் கட்டுவது எப்போதும் கனகரத்தினம். உபயத்துக்கு முதல் நாள் சிவகௌரி அவரிடம் வந்தாள்.

"செற் உங்கடைதான் அண்ணை. அதிலை மாற்றமில்லை."

"ஓம் பிள்ளை."

"குரல் உங்கடை வேண்டாம். அவரே வாசிப்பார்."

கனகரத்தினம் தலையாட்டினார். அவள் இன்னும் ஏதோ சொல்ல நின்றதுபோல இருந்தது. பிறகு, "தேர்முட்டிப் பக்கத்துக்கும் ஒரு ஸ்பீக்கர் போட்டுவிடுங்கோ, அங்கை போன முறை கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உபயத்தன்று பூசை முடிந்து, பந்தி வைப்பதற்கு முன் கஜானன் மைக்குக்கு வந்தார். பட்டுவேட்டி, சால்வை. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் ஸ்பீக்கர் கூவியது. சனம் காதைப் பொத்தியது. கனகரத்தினம் அம்பிளிபயரின் பக்கத்தில் இருந்து எழும்பி வந்து, அவருடைய கையைப் பிடித்து மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். திரும்பிப்போய் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இண்டைக்கு... உபயம்..." கஜானன் நிறுத்தினார். "சின்னத்தம்பி மகன் கஜானன் குடும்பத்தினர்." எச்சில் விழுங்கும் சத்தம்கூடத் தேர்முட்டிவரை போனது. "எல்லாரும் இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

வாசிக்க வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் மைக்கை விடவில்லை.

"அங்காலை கேக்குதோ?" என்று கேட்டார்.

"கேக்குது," என்று தேர்முட்டிப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் சொன்னார்கள்.

கனகரத்தினம் கஜானன் நின்ற பக்கம் பார்க்காமல், சத்தத்தைக் கூட்டும் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.